ஏலத்தோட்ட ஜீப்புகள்: சீட் கணக்கு வேற, ஆள் கணக்கு வேற... மலைப்பாதையில் விபத்து நடந்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

தேனி மாவட்டத்தில் இருந்து கேரளாவின் இடுக்கி மாவட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கவும், களை வெட்டவும், மருந்து அடிக்கவும் தினமும் தொழிலாளர்கள் போய் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, மலை ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, சாயங்காலம் அதே வழியில் இறங்கி வீடு திரும்புகிறார்கள். இந்தப் பயணம் பெரும்பாலும் ஜீப்பில்தான்.

ஜீப்பின் பதிவுச் சான்றிதழில் எத்தனை பேர் போகலாம் என்று எழுதியிருக்கிறதோ, அதைவிடக் கூடுதலாக ஆட்கள் ஏறுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. விபத்து நடக்கும்போது மட்டும் "ஓவர் லோடு" என்ற வார்த்தை செய்தியில் வருகிறது. ஆனால் கூடுதல் ஆள் ஏறியதால் வரும் பாதிப்பு பள்ளத்தோடு முடிவதில்லை. இழப்பீட்டுத் தொகை வரைக்கும் அது தொடர்கிறது.

ஏன் இத்தனை பேர் ஒரே வண்டியில் போகிறார்கள்? சட்டம் என்ன சொல்கிறது? விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

தினமும் எல்லை தாண்டுவது எதுக்காக?

இந்தியாவில் ஏலக்காய் அதிகம் விளையும் மாவட்டம் இடுக்கி. உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரி என்று ஏலமலைப் பகுதி முழுக்கத் தோட்டங்கள்தான். அங்கே விளையும் காய்க்கு நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலம் நடக்கும் இரண்டு முக்கிய இடங்களில் ஒன்று இடுக்கியில் உள்ள புற்றடி. இன்னொன்று தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூர். அதாவது தோட்டம் கேரளாவில், சந்தையில் பாதி தமிழ்நாட்டில், வேலைக்கு ஆட்களும் தமிழ்நாட்டில் இருந்து.

இந்தத் தொடர்பு மாநில எல்லையைவிடப் பழையது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவோடு சேர்ந்தன. மாநிலம் மாறியது, வேலை மாறவில்லை. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி சுற்றுவட்டார ஊர்களில் நிலம் இல்லாத குடும்பங்களுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டம்தான் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

ஏலக்காய் ஒரே தடவையில் அறுத்து முடிக்கும் பயிர் அல்ல. பழுத்த காயை மட்டும் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். ஒரு செடியில் மாதம் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பு வரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தொடங்கும் எடுப்பு தை, மாசி வரை சுற்றுச் சுற்றாகத் தொடரும். இயந்திரம் வைத்துச் செய்ய முடியாத வேலை என்பதால், சீசனில் ஆள் தேவை கூடிக்கொண்டே போகும்.

அங்கேயே தங்க முடியாதா?

பெரிய தோட்டங்களில் தங்கி வேலை பார்ப்பவர்கள் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம் போன்ற வசதிகளைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும், 15 தொழிலாளர்களுக்குக் குறையாத எண்ணிக்கையும் உள்ள தோட்டங்களுக்குத்தான் அது பொருந்தியது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் சிறு தோட்டங்கள் ஏராளம். அவற்றுக்கு வீடு கட்டித் தர வேண்டிய கட்டாயம் வரவில்லை.

தொழிலாளர்களுக்கும் வீட்டை விட்டு மேலே தங்குவது கஷ்டம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர், ரேஷன் கார்டு எல்லாம் கீழே இருக்கிறது. அதனால் தினசரிப் பயணம்தான் வழி.

பஸ் இருக்கும்போது ஏன் ஜீப்?

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து இடுக்கிக்கு ஏற முக்கியமாக மூன்று சாலைகள்.

• கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. இது தேசிய நெடுஞ்சாலை 183.

• கம்பத்தில் இருந்து நேராக ஏறும் கம்பம்மெட்டு சாலை.

• போடியில் இருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு. இது தேசிய நெடுஞ்சாலை 85. ஏறும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த மூன்று சாலைகளிலும் பஸ் ஓடுகிறது. ஆனால் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். தோட்டம் அங்கிருந்து உள்ளே இருக்கும். கல்லும் சேறுமான அந்தத் தோட்டப் பாதையில் ஏறக்கூடியது ஜீப் மட்டும்தான். காலையில் சீக்கிரமே வேலையில் இறங்க வேண்டிய ஒரு பெண், பஸ் பிடித்து, இறங்கி, நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஜீப் என்றால் ஊர் முக்கிலேயே ஏறி, தோட்ட வாசலில் இறங்கலாம்.

தேவாரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடும்பன்சோலை பகுதி பார்வைக்குப் பக்கம். ஆனால் வண்டி போகும் சாலை இல்லை. போடி வழியாகவோ கம்பம் வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் பல ஆண்டுக் கோரிக்கை.

ஒரு ஜீப்பில் எப்படி இத்தனை பேர்?

இதற்குக் காரணம் பணம் கைமாறும் முறை. பல இடங்களில் ஜீப் ஓட்டுநரேதான் ஆள் சேர்ப்பவர். தோட்டத்துக்கு நாளைக்கு 15 பேர் வேண்டும் என்று தகவல் வந்தால், அவரே ஊருக்குள் சொல்லி, அவரே ஏற்றிக்கொண்டு போவார். வாடகை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, ஆள் கூடக்கூட வருமானம் கூடும். ஒரே ட்ரிப்பில் எல்லோரையும் ஏற்றினால் டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

தோட்டக்காரருக்கு, கேட்ட எண்ணிக்கையில் ஆள் வந்து சேர வேண்டும். ஓட்டுநருக்கு, இரண்டாவது ட்ரிப் அடித்தால் கட்டுப்படியாகாது. தொழிலாளிக்கு, "வண்டியில இடம் இல்ல, நான் ஏற மாட்டேன்" என்றால் அன்றைய கூலி போய்விடும். நாளைக்கு அவரைக் கூப்பிடுவதும் அதே ஓட்டுநர்தான். அதனால் மறுப்பது பேச்சுக்கு எளிது, நடைமுறையில் கஷ்டம்.

கூடுதல் ஆள் ஏறினால் மலைப்பாதையில் என்ன ஆகும்?

சமவெளியில் ஓரளவு சமாளிக்கக்கூடிய பாரம், மலைச் சரிவில் மூன்று விதத்தில் ஆபத்தாகிறது.

முதலாவது பிரேக். இறக்கத்தில் வண்டியின் எடை கூடக்கூட, அதை நிறுத்த பிரேக் செய்ய வேண்டிய வேலை கூடும். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினால், மொத்தப் பாரமும் பிரேக் மேல்தான் விழும்.

இரண்டாவது சாய்வு. ஜீப் ஏற்கெனவே உயரமான வண்டி. பின்னால் நிற்கிறவர்கள், தொங்குகிறவர்கள், கூரை மேல் மூட்டை என்று சேரும்போது பாரம் இன்னும் மேலே போகும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் சாயும் வேகமும் கூடும்.

மூன்றாவது, கதவும் பெல்ட்டும். பின்பக்கம் திறந்த ஜீப்பில் சீட் பெல்ட் போட வழி இல்லை. வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வீசப்படுவார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுவதும் காயத்தைப் பெரிதாக்கும்.

இதோடு மழையும் மூடுபனியும் சேரும். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்கள்தான் மலையில் மழையும் அதிகம் இருக்கும் மாதங்கள். இருட்டில் ஏறி, சாயங்காலப் பனியில் களைப்போடு இறங்குகிறார்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அவசரத்தில் அது அடிக்கடி மீறப்படுகிறது.

இந்தச் சாலைகளின் ஆபத்து வெளியூர்க்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒன்றுதான். 2022 டிசம்பரில் சபரிமலைக்குப் போய்த் திரும்பிய ஆண்டிபட்டி பகுதி பக்தர்களின் வாகனம் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் உயிரிழந்தனர்.

வயநாடு முதல் கலிஃபோர்னியா வரை... ஒரே மாதிரியான விபத்துகள்

2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி கேரளாவின் வயநாடு மாவட்டம் மானந்தவாடி அருகே கண்ணோத்துமலையில் தேயிலைத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஓட்டுநரோடு 14 பேர் இருந்த அந்த ஜீப்பில் 9 பெண்கள் இறந்தனர். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது.

அமெரிக்காவில் 2021 மார்ச் 2-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஹோல்ட்வில் அருகே ஒரு கார் லாரியோடு மோதியது. 8 பேர் போகும் அளவுக்கான அந்தக் காரில் இருந்தது 25 பேர். ஆட்களை அடைப்பதற்காகப் பின் சீட்டுகள் கழற்றப்பட்டிருந்தன. 13 பேர் உயிரிழந்தனர். மெக்சிகோ எல்லை வழியாகச் சட்டவிரோதமாக அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், குடியேறிகளை மறைத்து ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் 160-க்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தனர்.

அங்கே ஆட்கடத்தல் கும்பல் இருந்தது. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி எதுவும் இல்லை. தேனிக்காரர் இடுக்கியில் வேலை பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாட்டுக்குள் எங்கும் போய் வேலை செய்வது அரசியல் சாசனம் தரும் உரிமை. ஆனாலும் வண்டிக்குள் நடப்பது ஒன்றாகவே இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்ற வாடகை, சீட்டை மீறிய ஆட்கள், இருட்டுப் பயணம், யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலே இல்லாத நிலை. இந்த நான்கும் சேர்ந்தால் பயணம் சட்டப்படி சரியா, தவறா என்பது விபத்தின் விளைவை மாற்றுவதில்லை.

எல்லை மூடப்பட்டபோது என்ன நடந்தது?

வழக்கமாகத் திறந்தே இருக்கும் இந்த எல்லை சில சமயம் அடைபட்டிருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பயந்துபோய்க் காட்டு வழியாகவும் மலைப்பாதை வழியாகவும் தேனிக்கு இறங்கினார்கள். பல நாள் போக்குவரத்தும் வேலையும் நின்றன.

2020 மார்ச்சில் கொரோனா கட்டுப்பாட்டால் எல்லையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தோட்ட வேலையில் இருந்து ஊர் திரும்ப வண்டி இல்லாததால் போடி அருகே ராசிங்காபுரத்தைச் சேர்ந்த தொழிலாளர் குழு ஒன்று காட்டுப் பாதையில் நடந்து இறங்கியது. வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். உயிரிழந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு.

முறையான வழி அடைபட்டால் பயணம் நிற்பதில்லை. இன்னும் ஆபத்தான வழிக்குப் போகிறது. ஜீப்புகளை மொத்தமாகத் தடை செய்தால் போதும் என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

சட்டம் என்ன சொல்லுது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன் 2019 திருத்தமும் இங்கே பொருந்துகின்றன.

• பர்மிட்: வாடகைக்கு ஆள் ஏற்ற வேண்டுமானால் அதற்கான பர்மிட் வேண்டும் (பிரிவு 66). சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு ஜீப்பில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் (பிரிவு 192ஏ).

• மாநிலம் மாறும்போது: ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட், இன்னொரு மாநிலத்தில் மேலொப்பம் பெற்றால்தான் அங்கே செல்லும் என்பது பொது விதி (பிரிவு 88).

• கூடுதல் ஆள்: அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிய ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் அபராதம் (பிரிவு 194ஏ).

இந்தக் கடைசிப் பிரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். 8 பேர் கூடுதல் என்றால் அபராதம் 1,600 ரூபாய். சீசன் முழுக்க ஓடும் வண்டிக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. கூடுதல் பயணிகளை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும் வரை அந்த வாடகை வாகனத்தை நகர விடக் கூடாது.

விடியற்காலை 5 மணிக்கு, மலைப்பாதையின் நடுவில், எட்டுப் பெண்களை இறக்கிவிட்டு மாற்று வண்டிக்கு எங்கே போவது? சோதனைச்சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு இது நடைமுறைச் சிக்கல். அதனால் அபராதச் சீட்டோடு வண்டியை விட்டுவிடுவதுதான் எளிதான வழியாகிறது. பெரிய விபத்து நடந்ததும் சோதனை சூடுபிடிக்கும். சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். சோதனை மலை மேல் நடக்காமல், ஆட்கள் ஏறும் ஊர் முக்கிலேயே நடந்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

விபத்து நடந்தால் இழப்பீடு எப்படி?

பலருக்கும் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஓவர் லோடு வண்டியில் போனவர்களுக்கு இழப்பீடே கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. "இன்சூரன்ஸ் இருக்கு, எல்லோருக்கும் முழுசா வந்துடும்" என்பதும் சரியல்ல.

இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி உள்ள பஸ்ஸில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் ஏறி விபத்து நடந்தது. அந்த வழக்கில் (நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் அஞ்சனா ஷ்யாம்) 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கைச் சொன்னது. காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை அளவுக்கு மட்டும்தான். தீர்ப்பான தொகைகளில் அதிகமான 42 தொகைகளைக் கூட்டி நிறுவனம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும். மீதியை வாகன உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும்.

இதை ஜீப்புக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்கான கணக்கு மட்டுமே. 8 பயணிகளுக்கு அனுமதி, ஏறியது 16 பேர். ஆளுக்கு 6 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பாகிறது. மொத்தம் 96 லட்சம். காப்பீட்டு நிறுவனம் கட்டுவது 8 பேருக்கான 48 லட்சம். அதை 16 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 3 லட்சம். மீதி 3 லட்சத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஜீப் உரிமையாளரைத் தேட வேண்டும். விபத்தில் நொறுங்கிய ஒரே ஒரு ஜீப்தான் அவருடைய சொத்து என்றால்?

சீட்டில் முறையாக உட்கார்ந்து போனவருக்கும், தொங்கிக்கொண்டு போனவருக்கும் இதே கதிதான். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய பங்கையும் குறைக்கிறார்கள்.

இதற்கு மேலும் சிக்கல்கள் உண்டு.

• சொந்த உபயோக ஜீப்புக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று நிறுவனம் வாதிடும். முழுக் காப்பீடு இருந்தாலும், வாடகைக்கு ஓட்டியது நிபந்தனை மீறல் என்று சொல்லும்.

• பர்மிட் இல்லாத வண்டி மோதிய வழக்கு ஒன்றில் (அம்ரித் பால் சிங் வழக்கு, 2018), காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் எல்லா வழக்கிலும் இப்படி அமையும் என்று உறுதி இல்லை.

• பிக்கப் போன்ற சரக்கு வண்டியில் பயணியாக ஏறினால் நிலைமை இன்னும் மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

• யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கக்கூடிய இழப்பீடு (பிரிவு 164) மரணத்துக்கு 5 லட்சம், கடுமையான காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் சமரச முறையில் இதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு முடிந்துவிடும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

தோட்ட உரிமையாளருக்குப் பொறுப்பு இல்லையா?

உண்டு. வேலை காரணமாக நடந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருந்தது. வழியில் நடந்த விபத்து வேலை விபத்தா என்பதுதான் இத்தனை ஆண்டு வழக்கு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலையோடு நேரடித் தொடர்பு இருந்தால் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தை நிபந்தனைகளோடு வேலை விபத்தாக ஏற்கிறது.

ஆனால் ஒரு முக்கியமான தடை. அன்றைக்கு அந்தத் தொழிலாளி அந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். தினக்கூலி கையில் கொடுக்கப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. "நான் ஆள் கேட்டேன், கொண்டுவந்தது டிரைவர்" என்று தோட்டக்காரர் சொல்லலாம். ஒப்பந்ததாரர் மூலம் வந்த ஆளுக்கும் மூல முதலாளி பொறுப்பு என்று சட்டம் சொன்னாலும், ஆதாரம் இல்லாத இடத்தில் அது ஏட்டோடு நின்றுவிடும்.

வாகன விபத்துத் தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீடு என்ற இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டிலும் இழப்பீடு கேட்க முடியாது. ஜீப்பின் காப்பீடு பலவீனமாக இருந்தால், தொழிலாளர் இழப்பீட்டு வழி குடும்பத்துக்குச் சாதகமாக இருக்கலாம்.

வளைவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

சிகிச்சையிலும் எல்லைக்கோடு வேலை செய்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு ஏற்கிறது. பாதிக்கப்பட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். அதே ஜீப் மெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் கவிழ்ந்தால் இந்தத் திட்டம் பொருந்தாது.

மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த பணமில்லா சிகிச்சைத் திட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகும் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

• விபத்து எந்த மாநிலத்தில் நடந்தாலும் பொதுவாக அந்த எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையம்தான் வழக்கை விசாரிக்கும். எஃப்.ஐ.ஆர். நகலில் பயணித்த எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் விட்டுப்போனால் பின்னால் "இவர் வண்டியிலேயே இல்லை" என்ற வாதம் வரும்.

• விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. இது 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதி. அந்த நகல்களைக் கேட்டு வாங்குங்கள்.

• இடுக்கியில் விபத்து நடந்தாலும் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே, அதாவது தேனி மாவட்டத்திலேயே, மனு போட சட்டம் இடம் தருகிறது.

• விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. ஆனாலும் தாமதிக்காமல் போடுவதே பாதுகாப்பு.

• வேலைக்கான ஆதாரம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், ஓட்டுநரோடு பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவு, தோட்டத்தில் எடுத்த புகைப்படம், கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாம் உதவும்.

• வருடத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் சேரலாம். ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு இந்தத் தொகையைக் குறைக்காது.

• தமிழ்நாடு அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்போ தீர்வு என்ன?

இரண்டு மாநிலங்கள் சம்பந்தப்பட்டது என்பதால் ஒரு பக்கம் மட்டும் நடவடிக்கை எடுத்தால் போதாது. கீழே தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறையும் போலீஸும், மேலே கேரள மோட்டார் வாகனத் துறையும் தொழிலாளர் துறையும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். விடியற்காலை எடுப்பு நேரத்துக்கு ஏற்ற பஸ்களை மெட்டு வரை விட்டு, அங்கிருந்து தோட்டத்துக்கு மட்டும் ஜீப் என்று பிரித்தால், ஆபத்தான கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் பாரம் குறையும். வாடகையைத் தலைக்கு என்று இல்லாமல் ட்ரிப்புக்கு என்று தோட்டக்காரர்கள் கொடுத்தால், ஆளை அடைக்கும் ஆசைக்கே வேலை இல்லை. சிறு தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பர்மிட் உள்ள ஒரு வேனை வைத்துக்கொள்ளவும் முடியும்.

இதெல்லாம் நடக்கும் வரை, உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜீப் கிளம்பும் முன் ஏறியவர்களின் பெயர், ஊர், போகும் தோட்டம் மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை ஊரில் வைப்பது. தினமும் ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடப் போதும். மீட்புக்கு வருபவர்களுக்கு எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரியும். போலீஸ் பதிவில் யார் பெயரும் விட்டுப்போகாது. எந்தத் தோட்டத்துக்குப் போன வண்டி என்பதற்கும் அன்றைய தேதியிட்ட சாட்சி இருக்கும்.